பேனாட் அண்ணையின் மண்தொட்டி

பேனாட் அண்ணை எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் நிலவறையில் இருந்த ஹோலை இருபத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டார். கனடாவில், ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த ஹோலில் ஞானஸ்நானச் சாப்பாடு கொடுத்திருக்கின்றன, இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் வைத்திருக்கின்றன, பெண்பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு செய்திருக்கின்றன. அவர்களில் யாரைக் கேட்டாலும் சுவரின் நிறம் ஞாபகமிருக்காது. வாசலில் ஒரு மெலிந்த மனிதர் நின்று, "சப்பாத்தை வடிவாத் துடைச்சுப்போட்டு உள்ள வாங்கோ" என்று சொன்னது மட்டும் ஞாபகமிருக்கும்.

நான் அந்தக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் பகுதிநேர வேலை பார்த்தவள். ஹோல் பதிவுக் கொப்பி என்னிடம், ஹோல் பூட்டின் திறப்பு அவரிடம். என் பெயர் நிரோஷினி. அவர் என்னைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். காலையில் பத்து மணிக்குப் பால் விட்ட தேத்தண்ணி இரண்டு கப் கொண்டுவந்து, ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, கதவோரம் நின்றபடியே கதை சொல்லுவார். இங்கே எழுதுவதில் பாதி நான் கண்டது, பாதி அந்தத் தேத்தண்ணி நேரத்தில் கேட்டது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் கதை சொல்லும்போது கானாக்காரரும் நைஜீரியாக்காரரும் ஐரிஷ்காரரும் எல்லோரும் தீவுப்பகுதித் தமிழில்தான் பேசுவார்கள். நானும் அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

அந்தத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், ஒரு கடற்கரைக் கிராமம் அவர் பிறந்த இடம். தகப்பன் சீமோன் கடற்தொழிலாளி. பேனாட் அண்ணை 1988இல் கனடாவுக்கு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு மனைவி றீற்றாவையும் கைக்குழந்தை செரீனாவையும் கூப்பிட்டு எடுத்தார். 1996இல் கோயிலில் ஹோலைப் பார்க்க ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. பூசை முடிந்த கையோடு அவர் பாதர் டொனலியிடம் போய், தனக்குத் தெரிந்த இருபது ஆங்கிலச் சொற்களையும் சொல்லி முடித்தாராம். "உனக்குத் தரை துடைக்கத் தெரியுமா?" என்று பாதர் கேட்க, "பாதர், எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாராம். அன்றே வேலை கிடைத்தது.

அந்தத் தரைதான் பிறகு அவருடைய பெருமை. இளம்பச்சைச் சதுர ஓடுகள் பதித்த பழைய தரை. ஒவ்வொரு கோடையிலும் ஹோலை இரண்டு கிழமை பூட்டிவிட்டு, பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புதிதாக ஐந்து பூச்சுப் பூசுவார். ஒரு பூச்சுக் காய்ந்து அடுத்தது பூசும்வரை படிக்கட்டில் குந்தியிருந்து காவல் காப்பார். அந்த நேரத்தில் பாதரைக்கூட இறங்க விடமாட்டார். பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு சப்பாத்தோடு வந்து தரையை அரிக்கும். மார்கழியிலிருந்து பங்குனிவரை அவருக்கு அந்த உப்போடுதான் சண்டை.

கானாக்காரர் எங்கள் ஹோலுக்கு வரத் தொடங்கியது 2001இல். மாதத்தில் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் அவர்களுடையது. எல்லோரும் கத்தோலிக்கர்கள், ஞாயிறு பூசைக்கு எங்களோடு வருகிறவர்கள். அவர்களுக்குப் பெரியவர் ஜோசப் எஷுன். எல்மினா என்ற கடற்கரைப் பட்டினத்தில் பிறந்து, இங்கே பஸ் திருத்தும் வேலை செய்துகொண்டிருந்தவர். அகன்ற மார்பு, சின்னக் குரல்.

முதலாவது சனிக்கிழமை யாரோ ஒருவர் இளவயதில் இறந்து ஒரு வருட நிறைவு. கறுப்பும் சிவப்பும் உடுத்த அறுபது பேர். பேனாட் அண்ணை குசினியில் ஒழுகுகிற குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர்கள் தங்கள் மொழியில் பரலோக மந்திரச் செபம் சொல்வது கேட்டது. ராகத்திலேயே அது என்னவென்று விளங்கியதால் அவரும் உள்ளே நின்று தமிழில் கூடவே சொன்னார். முடித்துவிட்டு எட்டிப் பார்த்தால், எஷுன் ஒரு தோளிலிருந்து துணியை இறக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு பச்சைச் சதுரப் போத்தலோடு நடுவில் நிற்கிறார். ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லிப் போத்தலிலிருந்து நிலத்தில் வார்க்கிறார். சனம் ஒரே குரலில் பதில் சொல்கிறது. சாராய மணம்.

"பிள்ளை, எனக்கு வேற ஒண்டும் தெரியேல்ல, தரைதான் தெரிஞ்சுது" என்பார். துடைப்பத்தோடு ஓடிப்போய் அறுபது பேருக்கு நடுவில் நின்று துடைக்கத் தொடங்கிவிட்டார். ஹோல் அப்படியே அடங்கிப்போனது. எஷுன் போத்தலைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, இவர் துடைத்து முடியும்வரை பொறுத்திருந்தார். "நன்றி சகோதரம்" என்றார். பிறகு திரும்பவும் வார்த்தார்.

திங்கட்கிழமை பார்த்தால் தரையில் மூன்று இடத்தில் மெழுகு வெள்ளை பூத்துக் கிடந்தது. சாராயம் மெழுகைத் தின்னும். பேனாட் அண்ணை முழங்காலில் இருந்து சுரண்டிக்கொண்டிருந்தபோது எஷுன் திறப்பைக் கொடுக்க வந்தார். வெள்ளைத் தழும்புகளைப் பார்த்தார். திரும்பிப் போனவர், அரை மணி நேரத்தில் வேலை உடுப்போடு வந்து பக்கத்தில் முழங்கால் போட்டார்.

"ஏன் நிலத்தில ஊத்திறியள்?" என்று பேனாட் அண்ணை கேட்டார்.

"நிலத்துக்குக் கீழதானே எங்கட ஆக்கள் இருக்கினம்."

"எங்கட ஆக்களுக்கு நாங்கள் பூசை ஒப்புக்குடுக்கிறம்."

"நாங்களும் குடுக்கிறம். பூசையில கடவுளிட்டச் சொல்லுறம், இவையைப் பாருங்கோ எண்டு. இதில இவையளிட்டச் சொல்லுறம், நாங்கள் உங்களை மறக்கேல்ல எண்டு. ரெண்டும் வேற வேற கதை."

பேனாட் அண்ணை திரும்பவும் சுரண்டத் தொடங்கினார். மூன்று தழும்பும் போகப் பின்னேரமாகிவிட்டது. இடையில் இரண்டு பேரும் கடற்தொழிலாளிகளின் பிள்ளைகள் என்பது தெரியவந்தது. எஷுனின் ஊரில் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகமாட்டார்களாம், அன்று கடலுக்கு ஓய்வாம். "எங்கட ஊரில ஞாயிற்றுக்கிழமை" என்றார் பேனாட் அண்ணை. "அப்ப உங்கட மீனும் எங்கட மீனும் ஒரே நாளில படுத்து நித்திரை கொள்ளேல்ல" என்று சொல்லிவிட்டு எஷுன் சிரித்த சிரிப்பு படிக்கட்டுவரை கேட்டதாம்.

அடுத்த மாதத்துக்குள் பேனாட் அண்ணை ஒரு பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, கோயிலுக்குப் பின்னால் மாதா சுரூபத்தடியில் மண் வெட்டி நிரப்பி, ஹோலின் மூலையில் கொண்டுவந்து வைத்தார். அவருடைய எண்ணம் தரையைக் காப்பாற்றுவது மட்டும்தான். எஷுன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார்.

"இது எங்கத்தை மண்?"

"மாதாவின்ர காலடியில எடுத்தது."

எஷுன் அந்த மண்ணைத் திரும்பவும் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைக்காமலே போனாராம்.

பாதர் டொனலி ஒருநாள் தொட்டியைக் கண்டு, "இதென்ன, மரம் நடப்போறியோ?" என்று கேட்டார். பேனாட் அண்ணை உள்ளதைச் சொன்னார். "முதல்ல பரலோக மந்திரம் சொல்லுகினமோ?" "ஓம் பாதர், முழுக்கச் சொல்லுகினம்." "அப்ப சரி" என்றுவிட்டு அவர் மேலே போய்விட்டார். அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பல விஷயங்களை அப்படித்தான் முடிப்பார்.

விஷயம் முடியாமல் நின்றது றீற்றா அக்காவிடம்தான். அவ ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறவர். "சாராயம் ஊத்திக் கும்பிடுறது பேய்க்குச் செய்யிற வேலை. கோயில் ஹோலுக்குள்ள அதுக்குத் தொட்டியும் வச்சுக் குடுத்திருக்கிறியள்" என்று வீட்டில் சண்டை.

"செரீனாவுக்குக் காய்ச்சல் வந்தண்டு செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பில போட்டனீர். அது ஆருக்குச் செய்த வேலை?"

"அது நாவூறுக்கு, கண்பட்டதுக்கு."

"உம்மட நாவூறு பூசைப் புத்தகத்தில எந்தப் பக்கத்தில கிடக்கு?"

றீற்றா அக்கா இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபிறகு தன் மனதும் இலேசாக இருக்கவில்லை என்று பேனாட் அண்ணை சொல்லியிருக்கிறார். புதுக் கார் வாங்கினபோது சக்கரத்துக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்ததும் தாங்கள்தான், அதே காருக்குப் பாதரைக் கூப்பிட்டு ஆசீர்த்தண்ணி தெளிப்பித்ததும் தாங்கள்தான். அந்தத் தேசிக்காயைப் பற்றி அதுவரை அவர் யோசித்ததே இல்லை.

2005 கார்த்திகையில், இறந்தோர் மாதத்துச் சனிக்கிழமை, அவர் எஷுனிடம் ஒரு உதவி கேட்டார். அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்து சில மாதம். ஹோலில் கதிரைகளை எண்ணிக்கொண்டு நின்றதால் நானே கேட்டேன். அவருடைய தகப்பன் 1991இல் இடம்பெயர்ந்துபோன இடத்தில், நாவாந்துறையில் ஒரு உறவினர் வீட்டில் இறந்துபோனவர். ஊர் மயானத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. கடிதம் கனடாவுக்கு வந்துசேர நாற்பது நாள் ஆனது. கடிதம் கிடைத்த அன்று பேனாட் அண்ணை உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

"நீங்கள் பேர் சொல்லேக்க என்ர அப்பற்ற பேரையும் சொல்லுங்கோ. சீமோன். லேசான பேர்தான்."

எஷுன் இல்லையென்று தலையை ஆட்டினார். "நான் சொல்லக்கூடாது. உன்ர சனத்தை நீதான் கூப்பிடவேணும். என்ர குரல் அவருக்குத் தெரியாது."

"எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாது."

"பேரைச் சொல்லு. பிறகு வாயில வாறதைச் சொல்லு."

கானாக்காரர் எல்லோரும் தங்கள் பெயர்களைச் சொல்லி முடித்தபின், எஷுன் போத்தலை நீட்டினார். பேனாட் அண்ணை சப்பாத்தைக் கழற்றினார். போத்தலைச் சரித்தார். "அப்பு" என்றார். தகப்பனின் பெயர் வரவில்லை. மறுபடியும் "அப்பு" என்றார். "இஞ்ச குளிர். நாங்கள் சுகமா இருக்கிறம். செரீனா கொலிச்சுக்குப் போறாள்" என்று சொல்லிக்கொண்டு போனார். ஒரு தமிழ்ச் சொல்லும் விளங்காத அறுபது பேர் ஒவ்வொரு வசனத்துக்கும் தங்கள் பதிலைச் சொன்னார்கள். போத்தல் வெறுமையானதும் அவர் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். நான் கதிரைகளைத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது வருடங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் அந்த ஹோலின் மணம் வரும். புது மெழுகு, பெரிய சட்டியில் கானாப் பெண்கள் சமைக்கும் மிளகாய்ச் சோறு, எங்கள் பெண்கள் சுடும் றோல்ஸ். இரண்டு சமையலும் ஒரே குசினியில் நடந்தால் கட்டாயம் ஒரு வாக்குவாதமும் பிறகு ஒரு பரிமாற்றமும் நடக்கும். செரீனாவின் கலியாணத்துக்கு எஷுன் தன் நாட்டு நீலத் துணியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். எங்கள் ஆட்களில் சிலரும் கார்த்திகை மாதத்தில் தொட்டியடிக்கு வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஊரில் புதைத்த இடம் தெரியாதவர்கள், புதைத்த இடத்தின்மேல் இராணுவ முகாம் எழும்பினவர்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தாங்களாகவே வந்தார்கள்.

2014இல் பாதர் டொனலி ஓய்வுபெற்றுப் போக, பாதர் எமேக்கா வந்தார். நைஜீரியாவைச் சேர்ந்தவர், முப்பத்தெட்டு வயது. நன்றாகப் பாடுவார், பிள்ளைகளோடு வாகனத் தரிப்பிடத்தில் பந்து விளையாடுவார். ஆபிரிக்கப் பாதர் வந்திருக்கிறார், இனிக் கானாக்காரருக்குக் கொண்டாட்டம்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்தக் கார்த்திகையில் பாதர் எமேக்கா ஹோலுக்கு இறங்கி வந்தபோது வார்ப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்றார். முடியும்வரை நின்றுவிட்டு மேலே போனார். திங்கட்கிழமை எஷுனையும் பேனாட் அண்ணையையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நடுவில் கதவு திறந்தபடியே கிடந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"இது இந்தக் கோயிலில் இனி நடக்கக் கூடாது" என்றார் பாதர்.

எஷுன் மெதுவாக, "நாங்கள் கடவுளை முதலில் கூப்பிடாமல் ஒருநாளும் செய்ததில்லை" என்றார்.

"எனக்குத் தெரியும். உங்களைவிட நன்றாகத் தெரியும்." பாதரின் குரல் உயர்ந்தது. "என் பாட்டனார் எங்கள் ஊரின் முதல் உபதேசியார். ஞானஸ்நானம் பெற்ற வருடம் அவருடைய தகப்பன் அவர் கையில் குவளையைக் கொடுத்து முன்னோருக்கு வார்க்கச் சொன்னார். அவர் மறுத்தார். அன்றே வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். காணி இல்லை, பெயர் இல்லை. தகப்பன் செத்தபோது உடலைப் பார்க்கவும் விடவில்லை. இவ்வளவையும் அவர் எதற்காகப் பொறுத்தார்? என் பங்கின் நிலவறையில் நான் அதே வார்ப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கா?"

எஷுன் எழுந்து நின்றார். "நீங்கள் குரு. நீங்கள் சொன்னால் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கோபித்துக்கொண்டு போன நடை இல்லை அது. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து கானாக்காரர் வேறெங்கோ ஒரு சமூக மண்டபத்தை எடுத்துக்கொண்டார்கள். பூசைக்கு மட்டும் வந்தார்கள். என் பதிவுக் கொப்பியில் கடைசிச் சனிக்கிழமைகள் வெறுமையாகக் கிடந்தன.

தொட்டியை அகற்றச் சொல்லி பேனாட் அண்ணைக்கு உத்தரவு. அவர் மண்ணைக் குப்பையில் போடவில்லை. வண்டிலில் ஏற்றிக்கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே, மாதா சுரூபத்தடியில் கொட்டிப் பரவிவிட்டார். "ஆரில பிழை எண்டு எனக்குத் தெரியேல்ல பிள்ளை" என்றார் என்னிடம். "அந்தப் பாட்டன் பாவம். எஷுனும் பாவம்." பாதரோடு அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் தரைக்கு ஐந்து பூச்சுப் பூசுகிறவர் அடுத்த கோடையில் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

2020 சித்திரை மாதம். தொற்று நோயால் கோயில் பூட்டிக் கிடந்தது. நான் வீட்டிலிருந்தே வேலை. கட்டடத்தில் இரண்டே பேர்: பாதர் எமேக்கா மேலே, பேனாட் அண்ணை கீழே. பாதர் ஆளில்லாத வாங்கு வரிசைகளைப் பார்த்துப் பூசை வைப்பார், கைபேசிப் படக்கருவியைப் பிடிப்பது பேனாட் அண்ணை. ஒரு வியாழக்கிழமை பூசையில், இறந்தோரை நினைவுகூரும் இடத்தில் பாதரின் குரல் நின்றுவிட்டது. வீட்டில் கணினியில் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இணையம் துண்டித்துவிட்டதென்று நினைத்தோம். அன்று காலை நைஜீரியாவில் அவருடைய தாய் இறந்துவிட்டார்.

விமானம் இல்லை. சனிக்கிழமை அடக்கம். அவர்தான் மூத்த மகன். அவர்கள் ஊரில் தாயின் பெட்டிமேல் முதல் மண் போடவேண்டியது மூத்த மகன். தம்பிமார் கைபேசியில் காட்டினார்கள். படம் நின்று நின்று வந்தது, மண் போடுகிற நேரத்தில் முற்றாகவே நின்றுவிட்டது.

அன்று மத்தியானம் பேனாட் அண்ணை ஒருவரும் நடக்காத தரைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். பாதர் படிக்கட்டில் வந்து இருந்தார்.

"பேனாட், மிஸ்டர் எஷுன்ர நம்பர் உம்மட்ட இருக்கோ?"

"இருக்கு பாதர்."

"அவர் வருவாரோ?"

எஷுனுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. வெளியே போகக்கூடாதென்று மகள் கட்டுப்பாடு. பேனாட் அண்ணை எடுத்துச் சொன்ன அரை மணி நேரத்தில் காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். முகக்கவசம், கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். மூன்று பேரும் கோயிலுக்குப் பின்னால், ஆளுக்கு ஆறடி விலகி, மாதா சுரூபத்தடியில் நின்றார்கள். பனி உருகி நிலம் சதசதவென்று இருந்ததாம்.

"பாதர், நீங்கள் இக்போ இனம், நான் ஃபான்டே இனம். உங்கட முறை எனக்குத் தெரியாது. உங்கட ஆக்களை நீங்கள்தான் கூப்பிடவேணும்" என்று எஷுன் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னுக்குப் போனார்.

பாதர் போத்தலை எடுத்தார். திறந்தார். அப்படியே நின்றார். "எனக்கு அந்த வார்த்தையள் தெரியாது" என்றார். "நான் படிக்கக் கூடாதெண்டுதான் பாட்டன் அதுகளை விட்டவர்."

அப்போது வாய் திறந்தது பேனாட் அண்ணை. "எனக்கும் அண்டைக்கு ஒண்டும் தெரியாது பாதர். நான் அப்பு எண்டு மட்டும்தான் சொன்னனான். மிச்சம் தானா வந்தது."

பாதர் தாயின் பெயரைச் சொன்னார். அழவில்லை. கொஞ்சம் வார்த்தார். பிறகு உபதேசியாராக இருந்த பாட்டனின் பெயரைச் சொன்னார். அதோடு நிறுத்துவார் என்று பேனாட் அண்ணை நினைத்தார். பாதர் நிறுத்தவில்லை. பாட்டனை வீட்டைவிட்டுத் துரத்திய அந்தத் தகப்பனின், தன் முப்பாட்டனின், பெயரையும் சத்தமாகச் சொல்லி, போத்தலில் மிச்சமிருந்ததை முழுவதும் வார்த்தார். குனிந்து ஒரு பிடி ஈரமண்ணை எடுத்துத் தண்ணீர் ஊறிய இடத்தில் போட்டார். அதன்பிறகுதான் அழுதார். எஷுன் நித்திய இளைப்பாற்றிச் செபத்தை ஆங்கிலத்தில் தொடங்க, மூன்று பேரும் சொல்லி முடித்தார்கள்.

"கட்டிப் பிடிச்சிருப்பன் பிள்ளை. ஆறடி தள்ளி நிக்கச் சொல்லிச் சட்டம்" என்றார் பேனாட் அண்ணை, தொலைபேசியில் எனக்கு இதைச் சொன்னபோது.

கோயில் மறுபடி திறந்தபின் பாதர் எமேக்கா எதையும் அறிவிக்கவில்லை. அடுத்த வருடம் கார்த்திகையில், இறந்தோர் பூசை முடிந்து ஹோலில் பெயர்கள் சொல்லலாம், தண்ணீர் மட்டும் வார்க்கலாம், சாராயம் கூடாது என்று என்னிடம் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு எழுதுவித்தார். "தண்ணி எங்கட பழைய ஆக்களுக்குக் காணாது" என்று எஷுன் முணுமுணுத்தார், ஆனாலும் வந்தார். பேனாட் அண்ணை புதுத் தொட்டி வாங்கினார். தண்ணீர் மெழுகைத் தின்னாது, தொட்டி தேவையில்லை என்று நான் சொன்னேன். "சும்மா இரும் பிள்ளை" என்றார். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு பங்குக்குப் போயின. ஆயர் இல்லத்துக்குக் கடிதம் ஒன்றும் போனது. அதற்கு என்ன பதில் வந்ததென்று பாதர் என்னிடம் சொல்லவில்லை. 2022இல் வழமையான மாற்றத்தில் அவர் வேறு ஊருக்குப் போனார். போகிற அன்று ஹோலுக்கு இறங்கி வந்து, சப்பாத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு, ஒரு சுற்று நடந்துவிட்டுப் போனார்.

இப்போது அந்த ஹோலில் பச்சை ஓடுகள் இல்லை. சாம்பல் நிறக் கம்பளம் விரித்துவிட்டார்கள், கிழமை நாட்களில் சின்னப்பிள்ளைகள் பராமரிப்பு நிலையம். பேனாட் அண்ணை 2024இல் ஓய்வுபெற்று அஜக்ஸில் செரீனா வீட்டோடு இருக்கிறார். போன ஐப்பசியில் நானும் கணவரும் 401 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஊர்ந்து அவரைப் பார்க்கப் போனோம். மெலிந்த உடம்பு இன்னும் மெலிந்திருந்தது. அங்குள்ள கோயிலில் தன்னை ஒருவருக்கும் தெரியாதென்றும், பூசை முடிந்ததும் எல்லோரும் காரில் ஏறிப் போய்விடுகிறார்களென்றும் சொன்னார். எங்கள் ஹோலில் பூசை முடிந்து சனம் வீட்டுக்குப் போகச் சம்மதிக்காமல் நிற்பதையும், தான் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுத் துரத்துவதையும் பற்றிக் கதைத்துக் கதைத்துச் சிரித்தோம்.

எஷுன் 2025 மாசியில் காலமாகிவிட்டார். எண்பத்து மூன்று வயது. செத்தவீட்டில் பேனாட் அண்ணையைக் குடும்பத்தோடு முன்வரிசையில் இருத்தினார்களாம். வருகிற மாசியில் ஒரு வருட நிறைவு, பிரம்ரனில் பெரிய மண்டபம். எஷுனின் மகள் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நாங்கள் இருக்கும்போதே றீற்றா அக்கா அவளுக்குத் தொலைபேசி எடுத்தா.

"தங்கச்சி, நான் என்ன நிறத்தில சீலை கட்டவேணும்? கறுப்போ, சிவப்போ?" என்று முதலில் தமிழில் கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினா.

வயதாகிச் செத்தவருக்கு ஒரு வருடத்தில் வெள்ளை என்று பதில் வந்தது.

"வெள்ளை என்னட்ட இல்லையே" என்றா றீற்றா அக்கா, தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து. "நிரோஷினி, நீர் ஸ்காபரோ போற வழியில கடையில ஒருக்காப் பாரும். கரை கொஞ்சம் நீலமெண்டாலும் பரவாயில்லை. இவருக்கும் ஒரு வேட்டி."